குறைந்த சத்தத்தில் கரகரப்பு, பயாஸ் ஏற்றினால் ஹீட் சிங்க் கொதிக்கிறது: 5200/1943 ஆம்பை எப்படி அளந்து செட் செய்வது?

நெய்தல்ஒலி:

வணக்கம். 30-0-30, 5 ஆம்பியர் டிரான்ஸ்பார்மரில் ஓடும் ஸ்டீரியோ ஆம்ப். சப்ளை பிளஸ் 42, மைனஸ் 42 வோல்ட். ஒரு சேனலுக்கு 5200, 1943 அவுட்புட் டிரான்சிஸ்டர் இரண்டு ஜோடி. எமிட்டரில் 0.22 ஓம் 5 வாட் சிமென்ட் ரெசிஸ்டர். அவற்றை இயக்கும் டிரைவர் டிரான்சிஸ்டர் டிப் 41சி, 42சி. அவையும் அவுட்புட்டோடு அதே ஹீட் சிங்கில். இன்புட் ஜோடி பிசி556. பயாஸுக்கு (சிக்னல் இல்லாதபோதும் அவுட்புட்டில் ஓடவிடும் சிறு கரண்டுக்கு) பிடி139 டிரான்சிஸ்டர், போர்டு மேலேயே நிற்கிறது, பக்கத்தில் 1 கே பிரீசெட் (திருப்பி மாற்றும் ரெசிஸ்டர்). சேனலுக்கு ஒரு ஹீட் சிங்க், வாட்டுக்கு 1 டிகிரி அளவு.

சத்தம் குறைத்து வைத்தால் வீணை, பியானோவின் வால் அடங்கும் நேரத்தில் மணல் உரசுவது போல ஒரு கரகரப்பு. சத்தம் கூட்டினால் மறைந்துவிடுகிறது. 0.22 ஓம் ரெசிஸ்டரின் இரு முனையிலும் அளந்தால் 0.8 மில்லி வோல்ட்தான். பிரீசெட்டைத் திருப்பி 10 மில்லி வோல்ட் வைத்தேன், கரகரப்பு போய்விட்டது. ஆனால் கால் மணி நேரத்தில் அதுவே 48 மில்லி வோல்ட் ஆகி, ஹீட் சிங்கில் கை வைக்க முடியவில்லை. பழையபடி குறைத்துவிட்டேன்.

இன்னொன்று: ஸ்பீக்கர் முனையில் சிக்னல் இல்லாமலே பிளஸ் 140 மில்லி வோல்ட் டிசி நிற்கிறது. பயாஸை எவ்வளவு வைக்க வேண்டும், எந்த வரிசையில் செய்ய வேண்டும்? கையில் இரண்டு மல்டிமீட்டர் இருக்கிறது, ஸ்கோப் இல்லை.


மைக்காத்தாள்:

கோளாறு நீங்க எழுதினதிலேயே இருக்கு. பிடி139 போர்டு மேல நிக்குது. அது நிக்க வேண்டிய இடம் ஹீட் சிங்க்.

சிலிக்கான் டிரான்சிஸ்டரோட பேஸ்-எமிட்டர் வோல்டேஜ் ஒரு டிகிரி சூட்டுக்கு ஏறக்குறைய 2 மில்லி வோல்ட் குறையும். உங்க போர்டில டிரைவர் ரெண்டு, அவுட்புட் ரெண்டு, ஆக நாலு ஜங்ஷன் வரிசையா நிக்குது. ஹீட் சிங்க் 20 டிகிரி ஏறினா அந்த நாலுக்கும் சேர்த்து 160 மில்லி வோல்ட் தேவை குறையுது. பிடி139 குளிர்ந்த இடத்தில இருந்தா அதுக்கு இந்தச் சங்கதி தெரியாது, பழைய 2.3 வோல்ட்டையே கொடுத்துக்கிட்டு இருக்கும். மிச்சம் அத்தனையும் கரண்டா மாறும். கரண்ட் சூட்டை ஏத்தும், சூடு கரண்டை ஏத்தும். 48 மில்லி வோல்ட்னா ஒரு ஜோடியில 218 மில்லி ஆம்பியர். ரெண்டு ஜோடிக்கு 436. குறுக்கே இருக்கிறது 84 வோல்ட். சும்மா இருக்கும்போதே 36 வாட்டுக்கு மேல ஒரு சேனல்ல எரியுது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தா அவுட்புட் போயிருக்கும்.

பிடி139-ஐக் கழற்றி மூணு ஒயர் போட்டு ஹீட் சிங்குக்குக் கொண்டு போங்க. முன்பக்கம் பார்த்தா இடமிருந்து வலமா எமிட்டர், கலெக்டர், பேஸ். முதுகில இருக்கிற உலோகம் கலெக்டரோட சேர்ந்தது, அதனால நடுவில மின்சாரம் கடத்தாத மைக்காத் தாள் கட்டாயம். ஹீட் சிங்கில எங்கேயோ ஒரு ஓரத்தில மாட்டாதீங்க; ரெண்டு அவுட்புட்டுக்கு நடுவில மாட்டுங்க. அதைவிட நல்லது, ஒரு 5200-ஓட பிளாஸ்டிக் முகத்து மேலேயே பேஸ்ட் தடவி ஸ்க்ரூ போட்டு அழுத்திடுறது. ஹீட் சிங்க் சூடாக நிமிஷக்கணக்கில ஆகும். டிரான்சிஸ்டர் முகத்தில சூடு அதுக்கு ரொம்ப முன்னாடியே தெரியும்.

ஒயர் 8 சென்டிமீட்டருக்குள்ள இருக்கட்டும், மூணையும் முறுக்கி விடுங்க. போர்டு பக்கத்தில கலெக்டர்-எமிட்டர் குறுக்கே 0.1 மைக்ரோபாரட் ஒண்ணு போடுங்க. சால்டர் முனை ஒவ்வொண்ணுக்கும் ஸ்லீவ் போடணும். இதில சோம்பல் ஆகவே ஆகாது. அந்த மூணில எந்த ஒயர் அறுந்தாலும் பிடி139 வேலையை நிறுத்திடும், பயாஸ் முழு வோல்டேஜுக்கு ஏறிடும், அடுத்த நொடி நாலு டிரான்சிஸ்டரும் ஷார்ட்.

பிரீசெட் எந்தக் கையில இருக்குன்னும் பாருங்க. பிடி139 கொடுக்கிற வோல்டேஜ் அதோட 0.65 வோல்ட்டைப் பெருக்கி வர்றது: கலெக்டர்-பேஸ் ரெசிஸ்டரை பேஸ்-எமிட்டர் ரெசிஸ்டரால வகுத்து, ஒண்ணு கூட்டி, 0.65-ஆல பெருக்கணும். மேல 2.2 கே, கீழ 470 ஓமும் 1 கே பிரீசெட்டும் இருந்தா 1.6-லிருந்து 3.7 வோல்ட் வரை வரும். பிரீசெட் கீழ, அதாவது பேஸ்-எமிட்டர் கையிலதான் இருக்கணும். தேய்ஞ்சு தொடர்பு விட்டாலும் பயாஸ் இறங்கிடும், ஆபத்தில்லை. மேல் கையில இருந்தா தொடர்பு விட்ட உடனே எல்லாம் போச்சு. சில மலிவு போர்டுல மேல்தான் வைக்கிறாங்க. அப்படி இருந்தா டிராக்கை வெட்டி மாத்திடுங்க.

இப்ப அளவு. எமிட்டர் ரெசிஸ்டர் ஒவ்வொண்ணுலயும் 26 மில்லி வோல்ட்னு ஒரு கணக்கு உண்டு, 1971-ல பார்னி ஆலிவர் எழுதினது. ஏன் 26? டிரான்சிஸ்டருக்கு உள்ளேயே ஒரு எமிட்டர் ரெசிஸ்டன்ஸ் இருக்கு, அது 26 மில்லி வோல்ட்டைக் கரண்டால வகுத்தது. 118 மில்லி ஆம்பியர்ல அது சரியா 0.22 ஓம், வெளி ரெசிஸ்டருக்குச் சமம். சிக்னல் பூஜ்யத்தைக் கடக்கும்போது மேல், கீழ் ரெண்டும் சேர்ந்து வேலை செய்யுது. பெரிய சிக்னல்ல ஒண்ணுதான். ரெண்டு ரெசிஸ்டன்ஸும் சமமா இருந்தா ரெண்டு நிலையிலயும் அவுட்புட் ரெசிஸ்டன்ஸ் ஒண்ணா வரும், அலை வளையாது. பயாஸ் குறைஞ்சா பூஜ்யத்துக்கிட்ட ஒரு பள்ளம் விழும், அதுதான் உங்க கரகரப்பு. கூடினாலும் கெடுதல்தான். நடுவில கெயின் கூடி, ஒரு டிரான்சிஸ்டர் அணையற இடத்தில இன்னொரு வளைவு வரும். ஏத்த ஏத்த நல்லதுன்னு பலர் நம்புறாங்க, அது தப்பு. நடுவில ஒரு அளவு இருக்கு, அங்கதான் டிஸ்டார்ஷன் குறைவு.

ஆனா டிரான்சிஸ்டருக்குள்ள ஒயர், பேஸ் ரெசிஸ்டன்ஸ்னு கொஞ்சம் ஏற்கெனவே இருக்கிறதால வெளியில அளக்கும்போது 26 தேவைப்படாது. 15-லிருந்து 20 மில்லி வோல்ட்டுக்குள்ள எங்கேயோ அந்த இடம் இருக்கும். உங்களுக்கு நான் சொல்றது 16, சூடான பிறகு. 16 மில்லி வோல்ட்னா ஜோடிக்கு 73 மில்லி ஆம்பியர், சேனலுக்கு 12 வாட் சொச்சம். உங்க ஹீட் சிங்க் அறைச் சூட்டைவிட 12 டிகிரி ஏறும். கத்திரி வெயில்ல அறை 38-ல இருந்தாலும் 50 டிகிரி, கை வைக்கலாம்.

செய்முறை இப்படி. மெயின்ஸ் லைன்ல தொடரா 100 வாட் குண்டு பல்பு ஒண்ணு, ஷார்ட் இருந்தா கரண்டை அது கட்டுப்படுத்தும். ஸ்பீக்கரைக் கழற்றிடுங்க, இன்புட்டை கிரவுண்டோட ஷார்ட் பண்ணுங்க. பவர் இல்லாதப்போ பிரீசெட்டை மீட்டர்ல பார்த்து பயாஸ் குறையற கடைசிக்கு வைங்க. பேஸ்-எமிட்டர் கையில இருந்தா அது அதிகபட்ச ஓம். மீட்டர் முனையைக் கையால பிடிச்சு அளக்காதீங்க. பவர் இல்லாதப்போவே ஒரு 5200 எமிட்டர்லயும் எதிர் 1943 எமிட்டர்லயும் கிளிப் மாட்டிடுங்க. ரெண்டு 0.22-ம் சேர்த்து 0.44 ஓம், அதனால 16-க்குப் பதிலா 32 மில்லி வோல்ட் பார்க்கணும். முனை வழுக்கி பேஸும் கலெக்டரும் ஒட்டினா கண் சிமிட்டுறதுக்குள்ள ஒரு ஜோடி போயிடும். ரெண்டாவது மீட்டர் ஸ்பீக்கர் முனையில, டிசி பார்க்க.

சுவிட்ச் போட்டா பல்பு பளிச்சுனு எரிஞ்சு மங்கணும். எரிஞ்சுக்கிட்டே இருந்தா உடனே அணைங்க. மைக்கா கிழிஞ்சிருக்கும், இல்லேன்னா டிரான்சிஸ்டர் ஷார்ட். மங்கினா மெதுவா பிரீசெட்டைத் திருப்பி மீட்டர் ஏறுதான்னு மட்டும் பாருங்க, உடனே இறக்கிடுங்க. பல்பு இருக்கும்போது சப்ளை குறைவா இருக்கும், அந்த அளவை நம்பி செட் பண்ணக் கூடாது. பல்பை எடுத்துட்டு, முதல்ல 20 மில்லி வோல்ட் வைங்க, 10 நிமிஷம் விடுங்க, பிறகு 32-க்குக் கொண்டு வாங்க, இன்னொரு 20 நிமிஷம் விட்டு மறுபடி திருத்துங்க. மேல் மூடி மூடித்தான் ஓடப் போகுதுன்னா கடைசித் திருத்தம் மூடியை வச்சுட்டு. அதுக்குத்தான் கிளிப் ஒயர் நீளமா இருக்கணும்.


குண்டுபல்பு:

மேலே சொன்னது எல்லாம் சரி. பாதுகாப்புக்கு ஒன்று சேர்க்கிறேன். முதல் தடவை பல்பை எடுத்த பிறகு, அந்தச் சேனலின் இரண்டு ஃபியூஸையும் கழற்றி அந்த இடத்தில் 10 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒவ்வொன்று போடுங்கள். 146 மில்லி ஆம்பியர் அவுட்புட்டுக்கு, முன்பகுதிக்கு ஒரு 8; ஆக ரெசிஸ்டரின் குறுக்கே சுமார் 1.5 வோல்ட் வர வேண்டும். மில்லி வோல்ட் அளக்கத் தெரியாத மீட்டரிலும் இது தெளிவாகத் தெரியும். ஏதாவது தப்பு நடந்தால் 42 வோல்ட்டும் அந்த ரெசிஸ்டரில் விழும், 4 ஆம்பியருக்கு மேல் தாங்காமல் அது புகைந்து திறந்துகொள்ளும். போவது ஒரு சிமென்ட் ரெசிஸ்டர், டிரான்சிஸ்டர் அல்ல.

அடுத்து, ஸ்கோப் இல்லாதவர்கள் தவறவிடும் ஒரு விஷயம். பயாஸ் அளவு நிலையில்லாமல் குதித்தால், கை பக்கத்தில் கொண்டு போனாலே மாறினால், அது சூட்டுக் கோளாறு அல்ல. ஆம்ப் கேட்காத அதிர்வெண்ணில் தானாக ஆடிக்கொண்டிருக்கிறது. அவுட்புட்டில் கிரவுண்டுக்குப் போகும் 10 ஓம், 0.1 மைக்ரோபாரட் இருக்கிறதல்லவா, அந்த 10 ஓம் சிக்னல் இல்லாதபோதும் சுட்டால் சந்தேகமே வேண்டாம். ஒவ்வொரு அவுட்புட் பேஸிலும் 2.2 அல்லது 4.7 ஓம் இருக்கிறதா பாருங்கள். டிரைவருக்கு முந்தைய டிரான்சிஸ்டரின் கலெக்டர்-பேஸ் குறுக்கே உள்ள சின்ன செராமிக் கெப்பாசிட்டரையும் பாருங்கள். 47-லிருந்து 100 பிகோபாரட் இருக்கும். ஆட்டத்தை நிறுத்தாமல் பயாஸ் வைப்பது தண்ணீர் மேல் எழுதுவது.

டிரான்சிஸ்டர் வாங்கும்போது 5200, 1943 மேல் உள்ள ஆர் அல்லது ஓ எழுத்தைப் பாருங்கள். ஆர் என்றால் கெயின் 55 முதல் 110, ஓ என்றால் 80 முதல் 160. எட்டும் ஒரே எழுத்தாக வாங்குங்கள். போலி நிறைய நடமாடுகிறது. எழுத்து விரலால் தேய்த்தால் போவது, ஒரே லாட்டில் கால்களின் தடிமன் மாறுவது எல்லாம் எச்சரிக்கை. போலியின் உள்ளே இருக்கும் சில்லு சின்னது. மல்டிமீட்டரில் நன்றாகவே காட்டும், பயாஸும் அழகாக நிற்கும், முழுச் சத்தத்தில் டிரம் போன்ற தாழ்ந்த ஒலியின் ஒரு அடிக்குப் போய்விடும்.


மைக்காத்தாள்:

10 ஓம் யோசனை அருமை, கட்டாயம் செய்யுங்க. ஆனா அது மொத்தக் கரண்டைத்தான் காட்டும், எந்த ஜோடி எவ்வளவு எடுக்குதுன்னு காட்டாது. மொத்தம் சரியா இருக்கும், உள்ள பார்த்தா ஒரு ஜோடியில 24, இன்னொண்ணுல 8 மில்லி வோல்ட் இருக்கும். அப்படி இருந்தா ஒண்ணு அதிக பயாஸ்ல, இன்னொண்ணு குறைஞ்ச பயாஸ்ல. கடைசியில நாலு ரெசிஸ்டரையும் தனித்தனியா அளந்துடுங்க. 16-ஐச் சுத்தி 3, 4 மில்லி வோல்ட் வித்தியாசம் பரவாயில்லை. அதுக்கு மேல போனா டிரான்சிஸ்டர்களை ஒரே சூட்டில வச்சு பேஸ்-எமிட்டர் வோல்டேஜ் பொருந்துறதா இணை சேர்க்கணும். சிமென்ட் ரெசிஸ்டரே 5, 10 சதவீதம் மாறி இருக்கும்கிறதையும் கணக்கில வச்சுக்குங்க.


மூன்றாம்ஹார்மோனிக்:

பயாஸ் மட்டும் பேசி 140 மில்லி வோல்ட்டை விட்டுவிட்டோம். அது சும்மா ஸ்பீக்கர் கூம்பைத் தள்ளும் டிசி மட்டுமல்ல, இன்புட் ஜோடி சமநிலையில் இல்லை என்பதன் அறிகுறி. சமநிலை தவறினால் இரண்டாம் ஹார்மோனிக், அதாவது சிக்னலின் இரு மடங்கு அதிர்வெண்ணில் சேரும் கலப்படம், ஏறும். பயாஸை எவ்வளவு நன்றாக வைத்தாலும் அது போகாது.

மூன்று அளவு எடுத்துச் சொல்லுங்கள். பிசி556 இரண்டின் எமிட்டரிலும் சின்ன ரெசிஸ்டர் இருக்கும், பெரும்பாலும் 100 ஓம். அவற்றின் குறுக்கே தனித்தனியாக எவ்வளவு மில்லி வோல்ட்? இன்புட் பேஸிலிருந்து கிரவுண்டுக்கு எத்தனை கே, அவுட்புட்டிலிருந்து ஃபீட்பேக் பேஸுக்கு எத்தனை கே? இன்புட் பக்க பிசி556-இன் கலெக்டரிலிருந்து மைனஸ் சப்ளைக்கு எத்தனை ஓம்?

அதற்கிடையில் டிஸ்டார்ஷனைக் காதால் அல்ல, கணினியால் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். ஸ்கோப் இருந்தாலும் 1 சதவீதத்துக்குக் கீழே உள்ளதைக் கண் பிடிக்காது. லைன் இன் உள்ள ஒரு சவுண்ட் கார்டும் ஆர்இடபிள்யூ என்ற இலவச மென்பொருளும் போதும். ஸ்பீக்கருக்குப் பதிலாக டம்மி லோடு: 33 ஓம் 25 வாட் நான்கை இணையாகக் கட்டினால் 8.25 ஓம், 100 வாட். ஆம்ப் அவுட்புட்டிலிருந்து 10 கே, பிறகு கிரவுண்டுக்கு 1 கே. அந்தச் சந்திப்பிலிருந்து லைன் இன். அவுட்புட் பதினொன்றில் ஒரு பங்காகக் குறையும். 1 கே-யின் குறுக்கே 5.1 வோல்ட் ஜீனர் இரண்டை எதிரெதிராகத் தொடரில் போட்டால், ஆம்ப் ஏதாவது செய்தாலும் சவுண்ட் கார்டு பிழைக்கும். லேப்டாப்பை பேட்டரியில் ஓட்டுங்கள். சார்ஜர் செருகினால் எர்த் வழியாக ஹம் சுற்றும். பிரிட்ஜ் முறையில் ஓடும் ஆம்புக்கு இந்த இணைப்பைக் கொடுக்கவே கூடாது. அங்கே இரண்டு முனையிலும் சிக்னல் இருக்கிறது, கிரவுண்ட் கிடையாது.

முதலில் சவுண்ட் கார்டின் லைன் அவுட்டை நேராக லைன் இன்னில் செருகி அளந்து குறித்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் அளவுகோலின் எல்லை. பிறகு ஆம்ப் வழியாக 1 கிலோஹெர்ட்ஸ், லோடில் 2.83 வோல்ட், அதாவது 1 வாட். முழு பவரில் அளக்கும் வழக்கம் கிராஸ்ஓவர் கோளாறை மறைத்துவிடும். பூஜ்யத்தருகே உள்ள பள்ளம் அதே அளவில்தான் இருக்கிறது, அலை பெரிதாகும்போது அதன் பங்கு சிறுத்துவிடுகிறது. அதனால்தான் உங்களுக்குச் சத்தம் கூட்டினால் கரகரப்பு மறைகிறது.

ஸ்பெக்ட்ரத்தில் 3, 5, 7, 9 என ஒற்றைப்படைக் கோடுகள் மெதுவாகத்தான் குறைந்துகொண்டே போனால் கிராஸ்ஓவர். 2 மட்டும் தனியாக உயர்ந்து நின்றால் இன்புட் ஜோடி. 1 கிலோஹெர்ட்ஸின் இருபுறமும் 100 ஹெர்ட்ஸ் தள்ளித் தள்ளிச் சின்னக் கோடுகள் நின்றால் சப்ளையின் அலை சிக்னலில் கலக்கிறது. 50 ஹெர்ட்ஸ் தனியாக நின்றால் டிரான்ஸ்பார்மரின் காந்தப்புலம், 100 ஹெர்ட்ஸ் நின்றால் கிரவுண்ட் ஒயர் ஓடும் பாதை. பயாஸ் பிரீசெட்டைத் திருப்பிக்கொண்டே மூன்றாம், ஐந்தாம் கோடுகளைப் பாருங்கள். இறங்கி, ஒரு இடத்தில் நின்று, மறுபடி ஏறும். அந்த அடிமட்டம்தான் உங்கள் டிரான்சிஸ்டருக்கான சரியான மில்லி வோல்ட், 16 என்பது தொடங்கும் இடம் மட்டுமே.

அதே சோதனையை 5 கிலோஹெர்ட்ஸிலும் செய்யுங்கள். அதிர்வெண் ஏற ஏற ஃபீட்பேக்கின் பிடி தளரும், கிராஸ்ஓவர் வெளிப்படையாக நிற்கும். 10 கிலோஹெர்ட்ஸ் போட்டால் மூன்றாவது 30-ல் விழும், 48 கிலோஹெர்ட்ஸ் சாம்பிளிங் கார்டுக்கு அது தெரியாது, டிஸ்டார்ஷனே இல்லை என்று காட்டி ஏமாற்றும்.


நெய்தல்ஒலி:

மூவருக்கும் நன்றி. பிடி139-ஐ நடு 5200 முகத்தில் மாட்டியாயிற்று. பிரீசெட் பேஸ்-எமிட்டர் கையில்தான் இருக்கிறது. கேட்ட அளவுகள்: 100 ஓம்களின் குறுக்கே, இன்புட் பக்கம் 120, ஃபீட்பேக் பக்கம் 76 மில்லி வோல்ட். இன்புட் பேஸில் 47 கே, ஃபீட்பேக் 33 கே, அதன் கீழே 1 கே, 220 மைக்ரோபாரட். கலெக்டர் ரெசிஸ்டர் 560 ஓம். பிசி556 இரண்டின் கெயினும் மல்டிமீட்டரில் 370 அருகே.

போர்டில் ஆஃப்செட் பிரீசெட் வைக்க ஒரு காலி இடம் இருக்கிறது. அதைப் போட்டு 140-ஐப் பூஜ்யம் செய்துவிடலாமா?


மூன்றாம்ஹார்மோனிக்:

வேண்டாம். அந்தப் பிரீசெட் ஒரு சாய்வை இன்னொரு சாய்வால் மறைக்கும். டிசி பூஜ்யம் ஆகும், இரண்டாம் ஹார்மோனிக் அப்படியே இருக்கும், சில நேரம் கூடும். உங்கள் 140 எங்கிருந்து வருகிறது என்று எண்களே சொல்கின்றன.

இன்புட் டிரான்சிஸ்டரில் 1.2 மில்லி ஆம்பியர், ஃபீட்பேக் டிரான்சிஸ்டரில் 0.76. கெயின் 370 என்றால் பேஸ் கரண்ட் 3.24, 2.05 மைக்ரோ ஆம்பியர். முதலாவது 47 கே வழியாக ஓடி 152 மில்லி வோல்ட், இரண்டாவது 33 கே வழியாக 68. வித்தியாசம் 84. அதோடு 100 ஓம்களில் 44 வித்தியாசம், கரண்ட் சமமில்லாததால் பேஸ்-எமிட்டர் வோல்டேஜில் இன்னொரு 12. கூட்டினால் 140. நீங்கள் அளந்த அதே எண்.

ஆக இரண்டு திருத்தம். கரண்டை ஏன் சமமாகப் பிரிக்கவில்லை? கலெக்டரில் உள்ள 560 ஓமின் குறுக்கே அடுத்த டிரான்சிஸ்டரின் பேஸ்-எமிட்டர் உட்கார்ந்திருக்கிறது, அங்கே எப்போதும் 0.65 வோல்ட்தான். 0.65-ஐ 560-ஆல் வகுத்தால் 1.16, அடுத்த டிரான்சிஸ்டரின் பேஸுக்குப் போகும் துளியும் சேர்த்து 1.2. மொத்தம் 1.96-ல் மீதிதான் மற்றதற்கு. 560-க்குப் பதில் 680 போடுங்கள், 0.96-உம் அந்தத் துளியும் சேர்ந்து 1.0 அருகே வரும், மற்றதில் 0.96. இரண்டாவது, இன்புட் பேஸின் 47 கே-யை ஃபீட்பேக்குக்குச் சமமாக 33 கே ஆக்குங்கள். இன்புட் கப்ளிங் கெப்பாசிட்டர் 2.2 மைக்ரோபாரட்டுக்குக் குறையாமல் இருந்தால் தாழ்ந்த ஒலிகளில் இழப்பு தெரியாது. 680 மட்டும் போட்டால் டிசி 45 சொச்சத்துக்கு இறங்கும், 33 கே-யும் போட்ட பிறகு 10-க்குள் வரும். வரவில்லை என்றால் என் கணக்கில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது, எழுதுங்கள்.

பிசி556 இரண்டின் தட்டை முகங்களையும் ஒட்டவைத்து, சுருங்கும் ஸ்லீவில் சேர்த்துவிடுங்கள். ஒன்றின் மேல் மட்டும் காற்று பட்டால் டிசி அலையும்.


நெய்தல்ஒலி:

இடது சேனல் முடிந்தது. 680 போட்டதும் 43, 33 கே போட்டதும் பிளஸ் 6 மில்லி வோல்ட். 100 ஓம்களில் இப்போது 99, 96.

பயாஸ் பல்பிலும் 10 ஓமிலும் ஒழுங்காக வந்தது. குளிர்ந்தபோது 11, சூடானபின் 16. ஸ்பெக்ட்ரத்தைப் பார்த்துத் திருப்பியதில் மூன்றாம் கோடு 18 மில்லி வோல்ட்டில் அடிமட்டம், 22-ல் மறுபடி எழுகிறது. 17-ல் வைத்துவிட்டேன். நான்கு ரெசிஸ்டரிலும் 15.5, 17, 18, 17.5. 1 வாட், 1 கிலோஹெர்ட்ஸ் டிஸ்டார்ஷன் 0.28 சதவீதத்திலிருந்து 0.018. கரகரப்பு இல்லை. 20 வாட்டில் இரண்டாம் கோடு மட்டும் மறுபடி உயர்கிறது. அது என்ன?


மைக்காத்தாள்:

இன்னும் ஒரு சோதனை பாக்கி. டம்மி லோடில 15.5 வோல்ட், அதாவது 30 வாட், 10 நிமிஷம் ஓட்டுங்க. இந்த ஆம்புக்கு அதிகம் சூடேறற இடம் முழு பவர் இல்லை, முழு பவர்ல மூணில ஒரு பங்கும் அதுக்குக் கொஞ்சம் மேலயும்தான். அங்க ஹீட் சிங்க் மட்டும் சேனலுக்கு 43 வாட் சுமக்கும். சாதாரண மல்டிமீட்டர் 1 கிலோஹெர்ட்ஸ் ஏசியைச் சரியா காட்டாது, 200 ஹெர்ட்ஸ்ல ஓட்டுங்க. நிறுத்தின உடனே பயாஸ் பாருங்க. 17-ஆ இருந்தது 22, 23 வரை போய் ரெண்டு மூணு நிமிஷத்தில இறங்கி நின்னா நல்லது. 30-க்கு மேல போனா பிடி139 சரியா அழுத்தலை. 10-க்குக் கீழ இறங்கினா அது தேவைக்கு அதிகமா இறக்குது. டிரைவரைத் தனிச் சின்ன ஹீட் சிங்கில வச்சிருக்கிற போர்டுல அப்படி ஆகும், நாலு ஜங்ஷனுக்கு ஈடு கட்டுது, சூடாகறது ரெண்டுதான். உங்களுக்கு எல்லாம் ஒரே ஹீட் சிங்கில இருக்கு, வராது.


மூன்றாம்ஹார்மோனிக்:

20 வாட்டில் வரும் இரண்டாம் கோடு ஒயரிங். பிளஸ் சப்ளை ஒயரில் ஓடுவது பாதி அலை, மைனஸில் மறு பாதி. தனித்தனியாக ஓடினால் ஒவ்வொன்றும் பக்கத்தில் உள்ள இன்புட் டிராக்கில் அந்தப் பாதி அலையைத் தூண்டும். பிளஸ், மைனஸ், கிரவுண்ட் மூன்று ஒயரையும் கெப்பாசிட்டரிலிருந்து போர்டு வரை இறுக்கமாக முறுக்குங்கள், இன்புட் ஷீல்டு ஒயரைப் பெட்டியின் எதிர் ஓரமாகக் கொண்டுபோங்கள். சோதித்துப் பார்க்க: ஓடும்போது உலர்ந்த மரக்குச்சியால் சப்ளை ஒயரைக் கொஞ்சம் நகர்த்தினால் அந்தக் கோடு ஏறி இறங்கும். ஃபீட்பேக் 33 கே எங்கிருந்து தொடங்குகிறது என்றும் பாருங்கள். நான்கு எமிட்டர் ரெசிஸ்டரும் சேர்ந்து ஸ்பீக்கருக்குப் புறப்படும் புள்ளியிலிருந்து எடுக்க வேண்டும். ஒரு ஜோடியின் பக்கம் சாய்ந்து எடுத்தால், அந்த அரை அங்குலத் தாமிரத்தில் விழும் பாதி அலை வோல்டேஜும் உள்ளே போகும்.


குண்டுபல்பு:

வலது சேனலில் இடதுபுறப் பிரீசெட்டின் ஓமை அளந்து அப்படியே வைத்துவிடாதீர்கள். அந்த டிரான்சிஸ்டர்கள் வேறு, முதலிலிருந்து பல்பு, 10 ஓம், பிறகு மில்லி வோல்ட். இரண்டும் முடிந்ததும் பிரீசெட் தலையில் ஒரு சொட்டு நகப்பூச்சு. ஒரு மாதம் ஓடிய பிறகு, குளிர்ந்த நிலையில் அவுட்புட் ஸ்க்ரூக்களையும் பிடி139 ஸ்க்ரூவையும் மறுபடி இறுக்குங்கள். மைக்காவின் கீழே பேஸ்ட் பரவி ஸ்க்ரூ தளர்ந்திருக்கும். இறுக்கிய பின் பயாஸ் ஓரிரு மில்லி வோல்ட் மாறும், அதைத் திருத்தி மூடுங்கள்.